பதிவுக்குப் பின் என்ன? குடும்ப மருத்துவரின் பணியும் நம் பங்கும்

சிங்கப்பூரில் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின் பதிவு 2023ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி தொடங்கியது. முதலில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறுஞ்செய்தி வழி அழைப்பு சென்றது. பின்னர் 40 வயதைக் கடந்தோரும் அழைக்கப்பட்டனர். இன்று ஒரு மில்லியனுக்கும் அதிகமானோர் தாங்கள் விரும்பிய ஒரு மருந்தகத்தைத் தெரிவு செய்து பதிந்துகொண்டுள்ளனர்.

இந்த எண்ணிக்கை பெரியது. எனினும், பதிந்துகொண்டவர் ஒருவரிடம் “உங்கள் குடும்ப மருத்துவர் யார்?” என்று கேட்டால், பல நேரங்களில் மருந்தகத்தின் பெயரோ அது அமைந்துள்ள புளோக் எண்ணோதான் விடையாக வருகிறது. மருத்துவரின் பெயர் நினைவுக்கு வருவதில்லை. இத்திட்டம் எதைச் சாதிக்க விரும்புகிறது, அதற்கு இன்னும் எவ்வளவு தூரம் செல்ல வேண்டியுள்ளது என்பதை இந்த ஒரு விடையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பெயரைப் பதிவது ஒரு நாளில் முடிந்துவிடும். ஒரு மருத்துவர் நம்மை அறிந்துகொள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

எங்கிருந்து தொடங்கினோம்

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஓர் உண்மையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சிங்கப்பூரர்களில் ஐவரில் மூவருக்கு மட்டுமே வழக்கமாகச் செல்லும் குடும்ப மருத்துவர் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் வீட்டருகே ஒன்று, வேலையிடத்தருகே ஒன்று, வார இறுதியில் திறந்திருக்கும் வேறொன்று எனப் பல மருந்தகங்களுக்கு மாறி மாறிச் சென்றுவந்தனர்.

இது மக்களின் குறை என்று சொல்வது நியாயமாகாது. அமைப்பே அப்படித்தான் இருந்தது. காய்ச்சல் வந்தால் அருகிலுள்ள மருந்தகத்துக்குச் செல்கிறோம். மருந்தும் ‘எம்சி’யும் பெற்றுக்கொண்டு திரும்புகிறோம். அந்தச் சந்திப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. மருத்துவருக்கு அன்றைய காய்ச்சலைப் பற்றித் தெரியும். நோயாளியின் தந்தைக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பது தெரியாது. கேட்பதற்கு நேரமும் இல்லை, கேட்டாலும் அடுத்த முறை அதே நபர் வருவார் என்ற உறுதியும் இல்லை.

காய்ச்சலுக்கும் இருமலுக்கும் இந்த முறை போதுமானது. ஆனால் இன்று பெரியவர்களைப் பாதிக்கும் நோய்களின் இயல்பு வேறு. 2021-2022 தேசிய மக்கள் சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 74 வயது வரையிலான குடியிருப்பாளர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. மூவரில் ஒருவருக்கும் அதிகம். உயர் ரத்த அழுத்தம் வலிப்பதில்லை. கொழுப்புச்சத்தும் நீரிழிவின் தொடக்க நிலையும் அப்படியே. வலி வந்தால்தான் மருத்துவரைப் பார்ப்பது என்ற வழக்கம் உள்ளவருக்கு, இந்நோய்கள் பத்து ஆண்டுகள் உடலில் தங்கிச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கண்ணையும் கெடுத்த பிறகே தெரியவரும். 2030ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மாற்றம் ஏன் இப்போது முன்னெடுக்கப்பட்டது என்பது விளங்கும்.

யாரும் தவறு செய்யாமலே நேரும் தவறு

58 வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. அதற்கான மாத்திரையை வேலையிடத்துக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் பெறுகிறார். மூட்டுவலி வந்தபோது வீட்டருகே உள்ள மருந்தகத்தில் வலிநிவாரணி தரப்பட்டது. அது பயனளித்ததால், வலி வரும்போதெல்லாம் அதே மாத்திரையைக் கடையில் வாங்கிக்கொள்கிறார். சில மாதங்களில் கால் வீங்குகிறது. மூன்றாவது மருந்தகத்தில் வீக்கத்துக்கு நீர்வெளியேற்றும் மாத்திரை கொடுக்கப்படுகிறது.

மூன்று மருத்துவர்களும் தங்கள் முன் இருந்த பிரச்சினைக்கு ஏற்றதையே செய்தார்கள். ஆனால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. உடலில் நீரைத் தேக்கி வீக்கத்தை உண்டாக்கக்கூடியவை. சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகளுடனும் நீர்வெளியேற்றும் மாத்திரையுடனும் அவை ஒன்றுசேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த ஒருவர் இருந்திருந்தால், முதலில் வலிநிவாரணியை நிறுத்தியிருப்பார். அந்த ஒருவராக இருப்பதுதான் குடும்ப மருத்துவரின் தலையாய பணி. சளி, காய்ச்சலுக்கு மருந்து தருவது அதற்கு அடுத்ததே.

ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து செல்வதால் உண்மையிலேயே பயன் உண்டா என்ற கேள்வி எழலாம். நார்வேயில் 2001ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் பெயர் குறித்த மருத்துவர் ஒருவர் உள்ளார். அந்நாட்டில் ஏறக்குறைய 4.5 மில்லியன் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களுடன் ஒப்பிட்டது. நீண்டகாலத் தொடர்பு உடையவர்களிடையே அவசர மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் நேரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருந்தது. இத்தகைய ஆய்வு ஒரு தொடர்பைத்தான் காட்டும். மருத்துவரே முழுக் காரணம் என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது. ஆயினும், தொடர்பின் காலம் கூடக் கூடப் பயனும் படிப்படியாகக் கூடியது கவனிக்கத்தக்கது.

முதல் சந்திப்பில் நடப்பது

பதிந்துகொண்டவர்களுக்கு முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்பு இலவசம். அதில் மருத்துவர் உங்கள் நோய் வரலாறு, குடும்பத்தில் உள்ள நோய்கள், உறக்கம், உணவு, புகைப்பழக்கம், உடற்பயிற்சி, செலுத்திக்கொண்ட தடுப்பூசிகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து, வரும் ஆண்டுக்கான சுகாதாரத் திட்டம் ஒன்றை உங்களுடன் சேர்ந்து வகுப்பார். அதனைப் பின்னர் ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம்.

வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பப் பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளும் இதில் அடங்கும். நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்புச்சத்து ஆகியவை பொதுவானவை. 50 வயது முதல் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை. பெண்களுக்கு அதே வயது முதல் ஈராண்டுக்கு ஒருமுறை மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனை. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை 25 வயதிலிருந்தே தொடங்குகிறது. திட்டத்தில் பதிந்துகொண்ட குடிமக்களுக்கு இப்பரிசோதனைகளும், தேசிய அட்டவணையில் பரிந்துரைக்கப்பட்ட பெரும்பாலான தடுப்பூசிகளும் இலவசம்.

மலப் பரிசோதனைப் பெட்டியை வாங்கிச் சென்று அலமாரியில் வைத்துவிடுவோர் பலர். கூச்சமும் உண்டு, ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்ற எண்ணமும் உண்டு. ஆனால் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கென்றே வகுக்கப்பட்ட பரிசோதனை அது. மலத்தில் ரத்தப்போக்கு தெரிந்த பிறகு அந்தப் பெட்டியால் பயனில்லை. நேராக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் சந்திப்புக்குச் செல்லும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்துகளின் பெயர்களைச் சொல்வதைவிட இது மேலானது. தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக் குறிப்பு ஒன்று உண்டு. ஊருக்குச் சென்று வரும்போது அங்குள்ள மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைகள், உறவினர் கொடுத்தனுப்பிய சித்த, ஆயுர்வேத மருந்துகள், மூட்டுவலிக்கென யாரோ பரிந்துரைத்த பொடிகள் ஆகியவையும் அந்தப் பையில் இருக்கட்டும். சில பாரம்பரிய மருந்துகளில் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் கண்டறியப்பட்டுள்ளன. சில மருந்துகளில் ஸ்டீராய்டு சொல்லப்படாமல் கலக்கப்பட்டிருந்ததும் உண்டு. மருத்துவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சி மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. அவர் அறிய விரும்புவது உங்கள் உடலுக்குள் என்ன செல்கிறது என்பதையே.

நோன்பும் விரதமும் இப்படித்தான். நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் ரமலான் நோன்பின்போதோ சஷ்டி விரதத்தின்போதோ மருந்தளவை மாற்றாமல் தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சில வாரங்களுக்கு முன்பே சொன்னால், மருந்து உட்கொள்ளும் வேளையையும் அளவையும் மருத்துவர் மாற்றியமைத்துத் தருவார். சிங்கப்பூரின் இந்திய சமூகத்தில் நீரிழிவு அதிகமாகக் காணப்படுவதால், இவை நம்மில் பலருக்கு நேரடியாகப் பொருந்தும் செய்திகள்.

பணம் எப்படிச் செல்கிறது

இத்திட்டத்தில் பொதுவாகப் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான மாற்றம் மருந்தகங்களுக்குப் பணம் வழங்கப்படும் முறையில் உள்ளது. முன்பு ஒவ்வொரு வருகைக்கும்தான் வருமானம். நோயாளி வராமல் நலமாக இருந்தால் மருந்தகத்துக்கு ஒன்றும் கிடைக்காது. இப்போது பதிந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஆண்டுக் கட்டணம் ஒன்றை அரசாங்கம் மருந்தகத்துக்கு வழங்குகிறது. அவரது உடல்நல அபாய நிலை, வழங்கப்படும் பராமரிப்பு, அடையப்படும் முன்னேற்றம் ஆகியவற்றைப் பொறுத்து அத்தொகை அமையும். தொலைபேசியில் அழைத்து “உங்கள் ரத்தப் பரிசோதனை நாள் கடந்துவிட்டது” என்று நினைவூட்டும் பணிக்கு இதனால் முதன்முறையாக ஒரு மதிப்பு கிடைத்திருக்கிறது.

இம்முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. பெயர்களைச் சேர்ப்பதில் காட்டும் ஆர்வம் தொடர்ந்து கவனிப்பதிலும் இருக்குமா என்பதே கேள்வி. கட்டணத்தை முன்னேற்றத்தோடு இணைத்திருப்பது இதற்காகவே. ஆனாலும், மருந்தகத்திலிருந்து அழைப்பு வராவிட்டால் நீங்களே அழைத்துக் கேட்பதில் தவறில்லை.

நோயாளியின் செலவைப் பொறுத்தவரை, பலர் தனியார் மருந்தகத்தை விட்டுப் பலதுறை மருந்தகத்துக்குச் சென்றதற்கு மருந்து விலையே முதன்மைக் காரணம். நாட்பட்ட நோய்க்கான மாத்திரைகளை ஆண்டு முழுவதும் வாங்க வேண்டியிருக்கும்போது சில வெள்ளி வேறுபாடுகூடப் பெரிதாகிவிடும். இதனைக் கருத்தில் கொண்டு, சாஸ் அட்டைதாரர்களுக்கும் முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு புதிய மானிய அடுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. அதன்கீழ், பொதுவான நாட்பட்ட நோய்களுக்கான குறிப்பிட்ட மருந்துகளைத் தாங்கள் பதிந்துகொண்ட தனியார் மருந்தகத்திலேயே பலதுறை மருந்தக விலையை ஒட்டிய விலையில் பெறலாம். எல்லா மருந்துகளும் அந்தப் பட்டியலில் இல்லை. சிலருக்குப் பழைய சாஸ் மானியமே கூடுதல் பயன் தரலாம். எனவே அடுக்கு மாறுவதற்கு முன், உங்கள் மருந்துப் பட்டியலை வைத்து இரண்டு முறையிலும் மாதச் செலவு எவ்வளவு வரும் என்று மருந்தகத்தில் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

நாட்பட்ட நோய்ச் சிகிச்சைக்கு மெடிசேவ் பயன்படுத்தும்போது கட்டணத்தில் 15 விழுக்காட்டை ரொக்கமாகச் செலுத்த வேண்டும் என்ற விதி, பதிந்துகொண்ட மருந்தகத்தில் சிகிச்சை பெறுவோருக்கு நீக்கப்பட்டுள்ளது.

மருத்துவரால் இயலாதது

குடும்ப மருத்துவரைப் பற்றிப் பேசும்போது ஒரு நடைமுறைச் சிக்கலை மறைக்கக் கூடாது. அது நேரம். வெளியே பதினைந்து பேர் காத்திருக்கும்போது, காய்ச்சலுக்காக வந்த ஒருவர் எழுந்து போகும் முன் தன் சர்க்கரை அளவையும் முதுகுவலியையும் உறக்கமின்மையையும் ஒருசேரச் சொன்னால், எதற்கும் முறையான கவனம் கிடைக்காது. நாட்பட்ட நோய்க்கான சந்திப்பைத் தனியே பதிவு செய்வது நல்லது. கூட்டம் குறைந்த வேளை எது என்று மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். மனத்தை அரிக்கும் கேள்வியைக் கடைசியில் வைக்காமல் முதலில் கேட்டுவிடுங்கள்.

தனியார் மருந்தகங்கள் பெரும்பாலும் சிறியவை. கண் விழித்திரையைப் படமெடுக்கும் கருவியோ பாதப் பராமரிப்புத் தாதியோ ஒவ்வொன்றிலும் இருக்க இயலாது. அதனால்தான் மருந்தகங்கள் முதல்நிலைப் பராமரிப்புக் கட்டமைப்புகளாக ஒன்றிணைந்து இச்சேவைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பதால், “இம்மூன்றும் இவ்வாண்டு முடிந்துவிட்டனவா?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறப்பு மருத்துவரைக் காண வேண்டிய நிலை வந்தால் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இரண்டு வகையில் உதவுகிறது. முதலாவது, எதற்காக அனுப்பப்படுகிறார், இதுவரை என்ன பார்க்கப்பட்டது என்ற தெளிவு அதில் இருக்கும். இரண்டாவது, கட்டணம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையுடன் அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருந்தகத்துக்குச் செல்வோருக்கு மானியக் கட்டணம் கிடைக்கும். சாஸ் அட்டைதாரர்களுக்குச் சாஸ் மருந்தகத்தின் பரிந்துரையும் அவ்வாறே பயன்படும். பரிந்துரையின்றி நேரே சென்றால் தனியார் நோயாளிக்குரிய கட்டணம் செலுத்த நேரலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில நாட்களுக்குள் குடும்ப மருத்துவரைப் பார்ப்பதும் இன்றியமையாதது. அங்கே நிறுத்தப்பட்ட மாத்திரையை வீட்டில் மிச்சமிருக்கிறது என்று தொடர்ந்து சாப்பிடுவோர் உண்டு.

நெஞ்சுவலி, திடீரென முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு மருந்தகம் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். உடனே 995 எண்ணை அழையுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

வயதான பெற்றோரை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்பவர் பல வீடுகளில் மகளோ மருமகளோ, சில வீடுகளில் பணிப்பெண்ணோ. மருத்துவர் ஏதேனும் கேட்டால் மூத்தவர் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிடுவார். சென்ற மாதம் குளியலறையில் விழுந்ததைச் சொல்ல மாட்டார். இரவில் மூன்று முறை எழுந்து வாசற்கதவைத் திறந்ததும் அவருக்கு நினைவிருக்காது. இவற்றைக் கண்டவர் நீங்கள். தேதியோடு இரண்டு மூன்று வரிகள் எழுதி எடுத்துச் சென்றால் போதும். அவர் முன்னிலையிலேயே சொல்வது சங்கடமாக இருந்தால், அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுக்கலாம். நோயாளியின் இசைவின்றி அவரது மருத்துவ விவரங்களை மருத்துவர் உங்களிடம் பகிர்ந்துகொள்ள மாட்டார். ஆனால் நீங்கள் சொல்வதை அவர் கேட்டுக்கொள்ளலாம். அதே வேளையில், மூத்தவர் மருத்துவருடன் தனியாகப் பேச விரும்பினால் சற்று நேரம் வெளியே காத்திருங்கள். சில செய்திகளைப் பெற்ற பிள்ளைகள் முன் சொல்ல எவரும் தயங்குவர்.

பணிப்பெண் அழைத்துச் செல்லும்போது மருந்து மாற்றங்கள் வாய்மொழியாக வீடு வந்து சேர்வதில் பிழை நேரக்கூடும். மாற்றத்தை எழுதித் தருமாறு மருந்தகத்தைக் கேட்டுக்கொள்வதும், பழைய மாத்திரைகளை அன்றே பெட்டியிலிருந்து அகற்றிவிடுவதும் இதனைத் தவிர்க்கும்.

மூத்தவருக்கு நினைவு மங்கத் தொடங்கும் முன்பே, எத்தகைய சிகிச்சையை அவர் விரும்புகிறார், எதை விரும்பவில்லை என்பதைப் பேசிப் பதிவு செய்யும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் குறித்துக் குடும்ப மருத்துவரிடம் கேட்கலாம். பல ஆண்டுகளாகப் பழகிய மருத்துவரின் அறை அந்தப் பேச்சைத் தொடங்க ஏற்ற இடம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதைத் தொடங்குவது எல்லாருக்கும் கடினம்.

பராமரிப்பாளரான உங்களுக்கும் 40 வயது கடந்திருக்கலாம். தாயாரின் ரத்த அழுத்தத்தை நாள்தோறும் குறித்துவைத்துத் தம்முடையதை ஆண்டுக்கணக்கில் பார்க்காதவர்கள் உள்ளனர். இருவரும் ஒரே மருந்தகத்தில் பதிந்துகொண்டால், ஒரே பயணத்தில் இருவருக்கும் பார்த்துக்கொள்ளலாம். உறக்கமின்மையும் சோர்வும் அழுகையும் உங்களைச் சூழ்ந்திருந்தால் அதையும் அந்த அறையில் சொல்லலாம்.

மருத்துவர் பொருந்தாவிட்டால்

தெரிவு செய்த மருத்துவருடன் மொழியோ அணுகுமுறையோ ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு விளக்கம் தர வேண்டியதில்லை. ஹெல்த்ஹப் வழியாகவே செய்யலாம். தமிழில் பேசினால்தான் பெற்றோருக்கு மனம் திறக்கும் என்றால், பதிவதற்கு முன் மருந்தகத்தை அழைத்து, தமிழ் பேசும் மருத்துவரோ தாதியோ எந்த நாட்களில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல மருத்துவர்கள் பணிபுரியும் மருந்தகமானால், ஒவ்வொரு முறையும் அதே மருத்துவரையே பார்க்க விரும்புவதாக முகப்பில் சொல்லி வையுங்கள். பலதுறை மருந்தகத்தில் பதிந்தவர்களும், ஒரே மருத்துவக் குழுவின்கீழ் தொடர முடியுமா என்று கேட்கலாம்.

சிங்பாஸ் பயன்படுத்தத் தெரியாத மூத்தவர்கள் அடையாள அட்டையுடன் மருந்தகத்துக்கு நேரில் சென்று பதிந்துகொள்ளலாம். முதல் சந்திப்புக்கான நாளையும் அப்போதே குறித்துக்கொண்டால், மருந்துப் பையை எடுத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை மட்டும் வந்தால் போதும்.